தப்பும் மத்தளமும்

மாசி மாதத்தில் சப்ரகமுவ றப்பர் தோட்டங்களில் மரங்கள் இலை கொட்டி நிற்கும். பால் குறைந்துபோகும். விடியற்காலையில் கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த நாட்களில்தான் லயத்துக்கு முன்னால் உள்ள வெளியில் காமன்கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அமாவாசை கழிந்த மூன்றாம் நாளை ஒட்டித் தொடங்கும் அந்தக் கொண்டாட்டம் பௌர்ணமி வரை போகும்.

பொழுது சாய்ந்ததும் ஓலையைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காட்டுவார்கள். தோல் இறுகிவிட்டதா என்று விரல் நுனியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு தட்டுக்கே பிள்ளைகள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ரதியாக வருகிறவர் ஓர் ஆண். பகலில் மரத்தடியில் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றிய அதே கைகளில் இப்போது வளையல் இருக்கும். காப்புக் கட்டி, விரதமிருந்து ஆடுகிற ஆட்டம் அது. ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போவார்கள்; வாசலில் விளக்கேற்றி, தட்டில் காணிக்கை வைத்து வரவேற்பார்கள். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போய் மன்மதன் எரிந்த இரவில் ரதி ஒப்பாரி வைக்கும்போது, அவர் பக்கத்து லயத்துக்காரர் என்பதை மறந்து பெண்கள் அழுவார்கள். வீரபத்திரன் வந்தால் சின்னப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிவார்கள்.

காமன்கூத்தோடு பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் இந்தத் தோட்டங்களின் மூன்று பெரிய கூத்துகள். அருச்சுனன் தபசில் நட்டு வைத்த உயரமான மரத்தில் நடிகர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார்; கூட்டம் கழுத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். பொன்னர் சங்கர் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை. கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்த சொத்துகளில் இன்றைக்கும் கையில் இருப்பவற்றில் இவையும் உண்டு.

ஆகவே, இந்த மக்கள் கொழும்புக்குப் போய் நாடகம் பார்க்கிறார்கள் என்றால், நாடகத்தையே அறியாதவர்கள் முதன்முறையாக அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு அரங்கிலிருந்து இன்னொரு அரங்குக்குப் போகிற பயணம் இது.

தெரணியகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டி ஓய்ந்துபோன ஒரு பெரியவரையும், புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய பேரனையும் நினைத்துக்கொள்வோம். இருவரும் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் அவர்களைப் போன்றவர்கள் எந்த லயத்திலும் இருக்கிறார்கள். பெரியவர் இளவயதில் ரதி வேடம் கட்டியவர். பேரன் ஒரு லீவு நாளில் வந்து சொல்கிறான்: “தாத்தா, கொழும்புல ‘மனமே’ போடுறாங்க. சிங்கள நாடகம். வாரீங்களா?” பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்கிறார்: “சிங்களம் நமக்குத் தெரியாததா? மத்தளம் இருக்குமா, அதச் சொல்லு.”

அந்தக் கேள்வியில் சப்ரகமுவ இருக்கிறது. நுவரெலியாவைப் போலத் தோட்டமும் தோட்டமுமாகச் சேர்ந்து கிடக்கிற மண் இது கிடையாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பஸ்ஸில் ஏறினாலும் சிங்களம் வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்கு இரண்டு மொழியும் சேர்ந்தே நாவில் ஏறும். வேறு பல இடத்துத் தமிழருக்கு இல்லாத ஒரு வசதியை இது கொடுத்திருக்கிறது: கொழும்பு அரங்கில் உட்கார்ந்து ஒரு சிங்கள நாடகத்தை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முழுதாக ரசிக்க முடியும். அதிலே ஒலிக்கும் தமிழையும் கண்டுகொள்ள முடியும்.

காலை பஸ் அவிசாவளைக்கு இறங்குகிறது. இரத்தினபுரி வீதியும் யட்டியாந்தோட்டை, கித்துள்கலைப் பக்கமிருந்து வரும் வீதியும் சேரும் ஊர் அது. கித்துள்கலையில்தான் 1957 இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காகப் பாலம் கட்டி உடைத்தார்கள். சப்ரகமுவக் காடு உலகத் திரையில் தெரிந்தது அப்படித்தான்.

இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். குருவிட்ட, எஹெலியகொடை, அவிசாவளை, கொஸ்கம, ஹங்வெல்ல, ஹோமாகம, மஹரகம, நுகேகொடை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மழை பெய்தால் மூன்று மணி நேரம் நான்காகும். ஒரு காலத்தில் இந்தப் பாதைக்கு ரயிலும் இருந்தது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1902 இல் அவிசாவளைக்கும், 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓபநாயக்கவுக்கும் வந்தது. றப்பரையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரன் அந்தக் குறுகிய தண்டவாளத்தைப் போட்டான். ஆனாலும் மனிதரும் அதில் ஏறினார்கள். ஏறியவர் மருதானையில் இறங்கலாம். மருதானையில் 1911 டிசம்பரில் டவர் மண்டபம் திறக்கப்பட்டிருந்தது. சிங்கள நூர்த்தி நாடகங்களின் தலைவாசல் அது. இரத்தினபுரிக்கு ரயில் வந்ததும் கொழும்புக்கு ஒரு பெரிய நாடக மண்டபம் வந்ததும் அடுத்தடுத்த ஆண்டுகளில். 1976 இல் இரத்தினபுரிப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது தண்டவாளம் அவிசாவளையோடு முடிகிறது. கொழும்புக்கு நாடகம் பார்க்கப் போகும் இரத்தினபுரிக்காரருக்கு அதனால் ஏற்பட்ட நட்டம் சின்னதல்ல.

நூர்த்தியும் ஊர் ஊராக வந்த கலைதான். பம்பாயிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த பார்சி நாடகக் கம்பனிகளின் படுதாவையும் ஹார்மோனியத்தையும் பார்த்துத்தான் கொழும்பில் அது வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும் இங்கே வந்து ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில்தான் கலையரசு சொர்ணலிங்கம் போன்றவர்கள் இலங்கைத் தமிழ் மேடையை நவீனப்படுத்தக் கிளம்பினார்கள். பெரிய ஊரில் ஒரு நாடகம் பார்த்தவர் ஊருக்குத் திரும்பி என்ன செய்வார் என்பதற்கு இவை இரண்டு சாட்சிகள். மூன்றாவது சாட்சியைத் தேடித்தான் நம் பெரியவரும் பேரனும் தும்முல்லையில் இறங்கி நடக்கிறார்கள்.

போகும் வழியில் ஒரு வீதிக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். சிவ நடனத்தைப் பற்றி உலகத்துக்கு எழுதிக் காட்டிய, 1877 இல் கொழும்பில் பிறந்த அந்தத் தமிழ் அறிஞரின் பெயர் தாங்கிய வீதியில்தான் தாமரைத் தடாகம் அரங்கு நிற்கிறது. பொலன்னறுவையின் தாமரைக் குளத்தைப் பார்த்து வடிவமைத்தது. சீன உதவியில் கட்டி 2011 டிசம்பரில் திறந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள். பெரியவர் வெளியே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். அவர் போகவேண்டிய இடம் அதற்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே அடக்கமாக இருக்கும் லயனல் வென்ட் அரங்கு.

லயனல் வென்ட் புகைப்படக்காரர், பியானோக் கலைஞர். 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்தவர். அவர் வீடு இருந்த நிலத்தில் அவர் நினைவாக எழுந்த இந்த அரங்கு 1953 டிசம்பரில் மக்சிம் கோர்க்கியின் ஒரு நாடகத்தோடு திறந்தது. சென்ற எழுபது ஆண்டுகளில் கொழும்பில் நாடகம் என்று பேசத் தொடங்கிய யாரும் இந்தக் கதவைத் தாண்டாமல் இருந்திருக்க மாட்டார்கள். உள்ளே குளிர். கால் சத்தம் கேட்காத தரை. விளக்கு மெல்ல மெல்ல அணையும்போது அறுநூறு பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள். கூத்தில் இப்படி ஒரு மௌனம் கிடையாது. அங்கே கூட்டமும் சேர்ந்து பேசும், வேடக்காரரோடு மல்லுக்கட்டும், குழந்தை அழும், கோமாளி அதையும் பிடித்துப் பாட்டாக்குவான். முதல் தடவை வருகிறவருக்கு இந்த மௌனம் கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பதைப் போல இருக்கும்.

பிறகு மத்தளம் கேட்கிறது.

‘மனமே’ இந்த மேடையில் முதன்முதலாக ஏறியது 1956 நவம்பர் 3 அன்று. எழுதி இயக்கியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. ஜாதகக் கதை ஒன்றிலிருந்து எடுத்தது. தக்கசீலத்தில் குருவிடம் படித்து முடித்த மனமே இளவரசன், குருவின் மகளை மணந்துகொண்டு காட்டு வழியாக ஊர் திரும்புகிறான். வேடர் தலைவன் வழிமறிக்கிறான். இளவரசி மேல் ஆசை கொள்கிறான். சண்டை நடக்கிறது. இளவரசன் வாளைக் கேட்கிறான், அவள் தயங்குகிறாள். ஆட்களைத் தள்ளி வைத்துத் தனியாளாகச் சண்டை போட்ட வேடன் மேல் அவளுக்கு இரக்கம். அந்தத் தயக்கத்தின் நடுவில் இளவரசன் சாகிறான். கடைசியில் வேடனும் அவளை விட்டுப் போகிறான். பழைய கதை பெண்ணைக் குற்றவாளியாக்கி முடித்தது. சரச்சந்திர அந்தத் தீர்ப்பை அவ்வளவு எளிதாகக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரிடமும் அதைக் கொண்டுவந்து வைத்தார்.

கதை அப்படி. ஆனால் பெரியவர் கதையைவிட நடையைத்தான் பார்ப்பார். பொத்தே குரு என்ற கதைசொல்லி முன்னால் வந்து, யார் வரப்போகிறார், எங்கே வரப்போகிறார் என்று பாடுகிறார். நம் கட்டியகாரன்! பாத்திரம் உள்ளே வருவதற்கே ஒரு பாட்டு, ஒரு தாளம், ஒரு காலடி. வரவு விருத்தம் இல்லாமல் எந்தக் கூத்தில் ராசா வந்திருக்கிறார்? பாடியதன் கடைசி அடியைப் பின்னால் நிற்பவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். மேடையில் மரம் கிடையாது, காடு கிடையாது. நடிகர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காடு தாண்டியாயிற்று. லயத்து வெளியில் கயிலாயத்துக்கும் தக்கன் யாகசாலைக்கும் இடையே இருப்பதும் ஒரு சுற்றுத்தானே.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. ‘மனமே’யின் அடித்தளம் சிங்களத்தில் ‘நாடகம்’ என்றே பெயர்பெற்ற பழைய கிராமியக் கூத்து. பெயரே தமிழ். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மேற்குக் கரையோரக் கத்தோலிக்கத் தமிழரின் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போன கலை அது. பிலிப்பு சிஞ்ஞோ என்பவரை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். இன்னிசை, சிந்து முதலான தமிழ்ப் பா வகைகளின் பெயர்கள் சிறு மாற்றத்தோடு அங்கேயும் வழங்கின. நூர்த்தியின் வெளிச்சத்தில் அந்தக் கலை மங்கிப்போயிருந்த நேரத்தில், சரச்சந்திர அம்பலாங்கொடையிலிருந்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைத் தேடிப் பிடித்துப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கச் சொன்னார். அதற்கு முன்பு அவர் ஜப்பானுக்குப் போய் கபுகியும் நோவும் பார்த்திருந்தார். தூரத்து ஊரின் பழைய அரங்கு இன்னும் உயிரோடிருப்பதைப் பார்த்தவர், தன் ஊரின் பழைய அரங்கைத் தேடிப் போனார். மூன்றாவது சாட்சி அவர்தான்.

அங்கிருந்து கதை தமிழுக்கும் திரும்பி வந்தது. அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்து, மாணவருக்குக் கூத்துப் பழக்கி, ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியராகி ஈழத்து அரங்கைப் பற்றி விரிவாக எழுதிய சி. மௌனகுரு. தமிழ்க் கூத்து சிங்களத்துக்குப் போய், சிங்கள மேடையில் மதிப்புப் பெற்று, அந்த மதிப்பு மறுபடி தமிழ்க் கூத்துக்கு ஊக்கமாக வந்தது. இதைச் சொல்லும்போது இரு தரப்பிலும் ஒருவரும் தலை குனிய வேண்டியதில்லை.

நாடகத்தின் கடைசியில் இளவரசி காட்டில் தனியாக நின்று அழுகிறாள். ரதி வேடம் கட்டியவருக்கு அந்த இடம் தெரியும். கணவன் கண் முன்னால் இல்லாமற் போனதும், கேட்க ஆளில்லாத வெளியில் ஒரு பெண் குரலெடுத்துப் பாடுவதும் அவர் உடம்பாலே அறிந்தவை. ஆனால் ரதிக்கு ஒரு வரம் உண்டு. அவள் கண்ணுக்கு மட்டும் மன்மதன் திரும்பத் தெரிவான். மனமே இளவரசிக்கு அதுகூட இல்லை. விளக்கு வந்ததும் பெரியவர் சும்மா இருந்து, வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது சொல்வார் என்று நினைக்கலாம்: “பாவம்பா அந்தப் புள்ள. நம்ம ரதிக்குச் சாமி இருந்துச்சு.”

இதுவரை சொன்னது சிங்கள மேடை. கொழும்பில் தமிழ் மேடைக்கும் குறைவில்லை. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் என்று இடங்கள் உண்டு. 1960களிலும் 70களிலும் நா. சுந்தரலிங்கம், அ. தாசீசியஸ் போன்றவர்கள் கொழும்பு மேடையைத் தட்டி எழுப்பினார்கள். மஹாகவியின் ‘கோடை’யும் ‘புதியதொரு வீடு’ம் மேடை கண்ட காலம் அது. தோட்ட மக்களின் வாழ்வை நகர மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அந்தனி ஜீவாவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவருடைய ‘அக்கினிப் பூக்கள்’ 1970களில் மேடையேறியது. ஆனால் அந்தப் பட்டியலை முழுக்கத் தேடினாலும் தேயிலைக் கொழுந்து தெரிகிற அளவுக்கு றப்பர் பால் தெரியாது. மலையகம் என்றவுடன் கூடை சுமந்த பெண்ணைக் காட்டுகிற நாடகம், கீழ்மலையில் இருட்டோடு இருட்டாகப் பால் வெட்டப் போகிற பெண்ணையும் ஒருநாள் காட்ட வேண்டும்.

இனி வீடு திரும்பும் சிரமம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் நாடகத்தைத் தோட்டத்துக்காரர் முழுதாகப் பார்க்க முடியாது. கொழும்பிலிருந்து அவிசாவளைக்கோ இரத்தினபுரிக்கோ இரவில் வந்து சேர்ந்துவிடலாம். அங்கிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். மிச்சத் தூரத்துக்கு ஆட்டோக்காரருக்குக் கொடுக்கிற காசு நாடக டிக்கட்டைவிடக் கூடுதலாக வரும். விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைய பேர் விழாது. சிங்கள நாடகக் குழுக்கள் பல, லீவு நாட்களில் பிற்பகல் மூன்றரைக்கு ஒரு காட்சி, மாலை ஆறே முக்காலுக்கு ஒரு காட்சி என்று வைப்பது வழக்கம். தூரத்து ஊர்க்காரருக்கு அந்தப் பிற்பகல் காட்சிதான் கதவைத் திறந்து வைக்கிறது. நம் பெரியவரும் அதற்குத்தான் போயிருப்பார். தமிழ் நாடகக் குழுக்களும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

அரங்கே எழுந்து மக்களிடம் போனால்? அதையும் செய்து காட்டியவர்கள் உண்டு. பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய ‘ஜனகரலிய’, தமிழில் ‘மக்கள் களரி’, கழற்றி மாட்டக்கூடிய ஒரு கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனது. நடுவில் ஆடுகளம், சுற்றிவரப் பார்வையாளர். சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை ஒருவர் கற்று, இரண்டு மொழியிலும் நடித்தார்கள். ஹபீப் தன்வீரின் புகழ்பெற்ற திருடன் கதையை ‘சரந்தாஸ்’ என்று ஆடினார்கள். பிரெக்டின் நாடகத்தைத் தழுவி ஹென்றி ஜயசேன 1967 இல் மேடையேற்றிய ‘ஹுனுவடயே கதாவ’வைத் தமிழில் ‘வெண்கட்டி வட்டம்’ ஆக்கினார்கள்.

அந்த நாடகத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் உரிமை கேட்கிறார்கள். பெற்றுவிட்டு ஓடிப்போனவள் ஒருத்தி. தூக்கிச் சுமந்து பட்டினி கிடந்து வளர்த்தவள் இன்னொருத்தி. நீதிபதி தரையில் வெண்கட்டியால் வட்டம் போட்டுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி இருவரையும் இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு நோகுமே என்று கையை விட்டவளுக்குத்தான் பிள்ளை என்று தீர்ப்பு. 1948 இல் பிரஜாவுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு இத்தனை பேர் இலங்கைக்கு இத்தனை பேர் என்று பங்கு போடப்பட்டு, 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களும் போகாமல் நின்றவர்களுமான சப்ரகமுவ மக்கள் அந்த வட்டத்தை வேறு யாரையும்விட உற்றுப் பார்ப்பார்கள். வளர்த்தவளுக்குப் பிள்ளை என்றால், நட்டுப் பராமரித்தவருக்கு இந்த மண்ணில் ஏழு பேர்ச் காணியாவது கேட்க உரிமை உண்டா இல்லையா? தலைமுறைகளாக லயத்தில் இருந்துகொண்டு இதைத்தான் அவர்கள் கேட்டு வருகிறார்கள்.

கொழும்பில் தமிழ் நாடகம் போடுகிற குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு காட்சியாவது அவிசாவளையிலோ இரத்தினபுரியிலோ கேகாலையிலோ பகல் நேரத்தில் போடுங்கள். பாடசாலை மண்டபம் போதும். சுற்றுத் தோட்டங்களுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டம் வரும்.

கொழும்பு வாசகர்களிடம் இன்னொரு வேண்டுகோள். மாசிப் பௌர்ணமி போயா தினம், உங்களுக்கு லீவு. புறக்கோட்டையில் அவிசாவளை பஸ் ஏறி, அங்கிருந்து தெரணியகலைக்கோ யட்டியாந்தோட்டைக்கோ இன்னொரு பஸ் பிடியுங்கள். காமன் எரிக்கும் நாள் தோட்டத்துக்குத் தோட்டம் முன்பின்னாக மாறும். தெரிந்த தோட்டத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். டிக்கட் கிடையாது. உட்கார ஒரு பாயும் போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். விடியும் வரை நடக்கும்.